முடிவு தெரியாத இரண்டு மணித்தியாலம்

பிலோமினா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி என் வீட்டுக்கு வந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் புட்டுப்பானைக்குள் கிடந்தது. அவரை அறியாதவர்களிடம் இதைச் சொன்னால் என்னை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். அறிந்தவர்களுக்கு விளங்கும். அக்காவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு காலையில் லூயிஷாமில் உள்ள அவருடைய வீட்டுக்குப் போயிருப்பீர்கள். கைத்தொலைபேசியை அங்கே இருந்த புட்டுப்பானைக்குள் போட்ட பிறகுதான் கதிரையில் உட்கார விட்டிருப்பார்.

அன்று வெள்ளிக்கிழமை. கோப்பா அமெரிக்கா நடந்துகொண்டிருந்தது. தென்னமெரிக்க நாடுகள் தங்களுக்குள் ஆடும் அந்தக் கால்பந்துப் போட்டியை இந்தமுறை அமெரிக்காவில் வைத்தார்கள். அங்கே ஆடும்போது லண்டனில் நாங்கள் நித்திரை. முதல்நாள் பின்னேரம் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். நெஞ்சு நோகிறதென்று போனவரை மூன்று நாளாக மறித்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு விடுவதாகவும் சொல்லியிருந்தார்கள். செய்தியில் நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. "வதனி, நாளைக்கு விடியமுன்னம் பொலிவியாவுக்கும் உருகுவேக்கும் மட்ச். பதிஞ்சு வை. ஞாயிறு லூர்துவையும் கூப்பிட்டு மூண்டு பேருமாப் பாப்பம். அதுவரைக்கும் முடிவு பாக்காதை."

லூர்து எங்களோடு வேலை செய்தவள். பதிந்து வைத்தேன். முடிவும் பார்க்கவில்லை. ஆனால் ஞாயிறு வரைக்கும் பொறுக்க என்னால் ஏலவில்லை. வெள்ளிக்கிழமை எனக்குப் பின்னேர வேலை. கணவர் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் யாருமில்லை. தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். போனைப் பானைக்குள் போட்டு மூடவும் மறக்கவில்லை. களவாகப் பார்த்தாலும் முறையாகப் பார்க்க வேண்டும் அல்லவா. பொலிவியா ஐந்து கோல் வாங்கியது. திருப்பி ஒன்றும் கொடுக்கவில்லை.

பானையைத் திறந்தபோது அக்காவின் மகள் ஜெசிந்தாவிடமிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன. திருப்பி எடுத்தேன். "அன்ரி, அம்மா போயிட்டா. ஏழரைக்கு. நான் உங்களுக்கு அடிச்சுக்கொண்டே இருந்தன்," என்றாள். ஆஸ்பத்திரியில் ஒருவர் இருக்கும்போது போனைப் பானைக்குள் போடுகிறவளை என்ன சொல்வது. நான் ஏன் எடுக்கவில்லை என்று ஜெசிந்தா கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அவள், "அம்மா சந்தோசப்பட்டிருப்பா," என்று சொல்லி அழத் தொடங்கினாள்.

அக்காவை நான் முதலில் கண்டது நகரத்தின் நடுவே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். ஆறு மாடிக்கும் துப்புரவுப் பணி. காலை நாலு மணிக்குத் தொடங்கி எட்டுக்கு முடியும். அக்கா எங்களுக்கு மேற்பார்வையாளர். ஆறு மாடித் திறப்புகளும் அவருடைய இடுப்பில் கிலுங்கும். மன்னார்க் கடற்கரையில் பேசாலையில் பிறந்து, பிரான்சில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். எந்த மாடியையும் மேலிருந்து கீழாகத்தான் துடைக்க விடுவார். முதலில் நிலத்தைக் கூட்டிவிட்டுப் பிறகு மேசையைத் துடைப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "தூசு எங்க வருமெண்டு தெரிஞ்சும் ஏன் பிள்ளை அதோட சண்டை பிடிக்கிறாய்?" என்பார். நான் யாழ்ப்பாணத்தில் கணக்கியல் படித்தவள். மொப் பிடிக்கிறேனே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் முதல் மாதம் முழுவதும் வேலை செய்தேன். அக்கா அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள் லிஃப்டுக்குள் வைத்து, "உன்ர முகத்தையும் எட்டு மணிக்குத் துடைச்சுப்போட்டு வீட்டை போ," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த முகத்தை வைத்திருக்க முடியவில்லை.

எங்கள் குழுவில் தமிழர் நாங்கள் இருவர்தான். மற்றவர்கள் எக்குவடோர், கொலம்பியா, பொலிவியா என்று தென்னமெரிக்காவில் இருந்து வந்தவர்கள். லண்டனில் விடியமுன் அலுவலகம் துடைக்கப் போனவர்களுக்கு இது புதினமில்லை. அவர்களில் பொலிவியாக்காரி ஒருத்திக்கு லூர்தெஸ் என்று பெயர். அக்கா அவளை முதல்நாளே லூர்து ஆக்கிவிட்டார். "எங்கட ஊரில வீட்டுக்கு ஒரு லூர்து இருக்கு. இவள் மட்டும் என்ன?" லூர்துவிடம் இருந்து அக்கா ஸ்பானிய மொழி படித்தார். அக்காவிடம் இருந்து லூர்து தமிழ் படித்தாள். ஐயோ, இரு, சாப்பிட்டியா, இன்னும் நேரம் இருக்கு. நான்கையும் அவள் சரியான இடத்தில் போடுவாள்.

கால்பந்து அக்காவுக்கு லூர்து கொடுத்ததல்ல. மன்னாரில் பிறந்தவருக்குப் பந்தைப் பற்றி மற்றவர்கள் சொல்ல வேண்டியதில்லை. லூர்து கொடுத்தது பொலிவியாவை. தென்னமெரிக்காவிலேயே அதிகம் தோற்கும் நாடுகளில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார் அக்கா. "வெல்லுற பக்கத்துக்குக் கத்த ஆள் இருக்கு. அவைக்கு நான் எதுக்கு?" என்று கேட்பார்.

கோப்பா நடக்கும் மாதத்தில் எங்களுக்கு ஒரு வழமை இருந்தது. ஆட்டம் நடக்கும் நேரம் நாங்கள் படுத்துக் கிடப்போம், நாலு மணிக்கு மொப் பிடிக்க வேண்டுமே. அக்காவின் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி அதைப் பதிந்து வைத்துக்கொள்ளும். எட்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போய், புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கு ஆட்டத்தைப் போடுவோம். முடிவை ஒருவரும் பார்த்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது. பஸ்ஸில் வரும்போது பக்கத்து ஆளின் பத்திரிகையைக்கூடப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். மற்றபடி அக்கா பொறுமைசாலி இல்லை. பந்து வெளியே போனாலும், காயம்பட்டவன் புரண்டாலும், இடைவேளை வந்தாலும் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிடுவார். தொண்ணூறு நிமிட ஆட்டம் அக்கா வீட்டுக் கணக்கில் அறுபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான் முதல் தடவை அங்கே போன காலையில் ஒரு பெரிய பிழை விட்டேன். கால்பந்து எனக்கு ஒன்றும் தெரியாது. போகிற இடத்தில் ஊமை மாதிரி இருக்கக் கூடாதே என்று, பஸ்ஸில் போனை எடுத்துப் பொலிவியாவைப் பற்றித் தேடி வாசித்து வைத்தேன். படிக்கட்டில் ஏறும்போது லூர்துவின் தோளில் தட்டி, பெரிய கெட்டிக்காரி மாதிரிச் சொன்னேன், உங்கள் நாடு எக்குவடோரை மூன்றுக்கு இரண்டு என்று வென்றுவிட்டதாம். லூர்து ஒரு கூக்குரல் போட்டாள். பிறகு படியிலேயே குந்திக்கொண்டு அழுதாள். கோப்பாவில் பொலிவியா வென்று எத்தனையோ வருடமாம். இனி எப்போது வெல்லுமோ தெரியாதாம். வாழ்க்கையில் ஒருமுறை வரும் அந்த ஆட்டத்தை முடிவு தெரியாமல் பார்க்கும் பாக்கியத்தைத்தான் நான் படிக்கட்டில் வைத்துப் போட்டு உடைத்துவிட்டேன்.

எனக்கு அப்படியே திரும்பி ஓடலாம் போல இருந்தது. அக்கா கதவைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தார். லூர்து விசயத்தைச் சொன்னாள். அக்கா என்னை ஏசவில்லை. "முடிவுதானே தெரியும். எப்பிடி எண்டு தெரியாதே. உள்ளுக்கு வாங்கோ," என்றார். பார்த்தோம். இடைவேளைக்குள் பொலிவியா மூன்று கோல் அடித்துவிட்டது. பிறகு எக்குவடோர் ஒன்று, இரண்டு என்று திருப்பிக்கொண்டு வந்தது. முடிவு தெரிந்திருந்தும் கடைசிப் பத்து நிமிடம் லூர்து என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா நெரிக்கவில்லை, செபமாலையை எடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்த பிறகு குசினிக்குள் போய்ப் பெரிய புட்டுப்பானையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இனி வாறவை எல்லாரும் போனை இதுக்குள்ள போட்டிட்டுத்தான் இருக்க வேணும். இது வதனியின்ர பானை." உங்களில் பலர் அந்தப் பானையைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அது யாரால் வந்தது என்று அக்கா ஒருபோதும் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் இப்போது சொல்கிறேன்.

அடுத்த வருடமும் கோப்பா வந்தது. போட்டி தொடங்கி நூற்றாண்டு என்று சொல்லி அமெரிக்காவில் வைத்தார்கள். அந்த வருடம் என் சீவியம் முழுவதும் ஒரு கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் கல்யாணம் முடித்து நாற்பது நாள் கணவரோடு இருந்துவிட்டு நான் லண்டன் திரும்பி மூன்று வருடமாகியிருந்தது. அவரை இங்கே அழைக்கப் போட்ட விசா மனுவை மறுத்துவிட்டார்கள். எங்கள் கல்யாணம் உண்மையானது என்று நம்பமுடியவில்லையாம். மேன்முறையீடு செய்தோம். விசாரணை முடிந்துவிட்டது, தீர்ப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குரோய்டனில் ஒரு சட்டத்தரணியின் கந்தோர். என் ஆங்கிலத்தை நம்பாமல் ஒவ்வொரு முறையும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவேன். நான் இல்லாவிட்டால் அக்காவிடம் சொல்லலாம் என்று அவருடைய பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கே வேலை செய்த தமிழ்ப் பிள்ளை வெள்ளிக்கிழமை போன் எடுத்து, தீர்ப்பு வந்தால் திங்கட்கிழமை காலை அறிவிக்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை காலைதான் நாங்கள் இறுதி ஆட்டம் பார்க்க இருந்தது. சிலியும் அர்ஜென்டீனாவும். பொலிவியா எப்போதோ வெளியே போய்விட்டது. யாருக்குக் கத்துவது என்று எங்களுக்குள் கேள்வியே இல்லை. பொலிவியாவுக்கு முன்னொரு காலத்தில் கடல் இருந்ததாம், சிலி சண்டை பிடித்து அதைப் பறித்ததாம். லூர்து இதை நேற்று நடந்த களவு மாதிரித்தான் சொல்வாள். பேசாலைக்காரிக்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமா. "கடலைப் பறிச்சவனுக்குக் கத்தேலாது," என்று அக்கா தீர்த்துவிட்டார்.

வாசலில் பானைக்கு முன்னால் நான் தயங்கினேன். "அக்கா, இண்டைக்கு மட்டும் போனைக் கையில வைச்சிருக்கட்டே?"

"வைச்சுக்கொண்டு என்ன செய்யப் போறாய்? மட்சையும் பாக்க மாட்டாய், போனையும் பாத்து முடிக்க மாட்டாய். உள்ளுக்குப் போடு. அடிச்சா நான் பாக்கிறன்."

போட்டேன். அக்கா பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

முதற்பாதியில் கோல் இல்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார்கள். இடைவேளை வந்தது. ஓட்டுவதற்கு லூர்து ரிமோட்டை எடுத்தாள். அக்கா, "நிப்பாட்டு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்," என்று எழும்பிப் போனார். கொஞ்சம் நேரமெடுத்தது. உள்ளே பேச்சுக்குரல் கேட்ட மாதிரியும் இருந்தது, ஜெசிந்தாவோடு கதைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது மூன்று கோப்பையும் ஒரு தட்டில் இருந்தன. எனக்குத் தந்தது விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பை. பிறகு லூர்துவுக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு ரிமோட்டைத் தன் மடியில் வைத்தார். "இண்டைக்கு ஒண்டையும் ஓட்ட வேண்டாம். முழுக்கப் பாப்பம்."

முழுக்கப் பார்த்தோம். பந்து வெளியே போனதையும் பார்த்தோம். புரண்டவர்கள் புரண்டு முடிக்கும்வரை பார்த்தோம். கோல் வராமல் மேலதிக நேரமும் வந்தது. அதையும் ஒரு நிமிடம் விடாமல் பார்த்தோம். நடுவர் அட்டை காட்டுவதை லூர்து எழும்பி நடித்துக் காட்டினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு வயிறு நோகும் அளவுக்குச் சிரிப்பு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். ஒருமுறை என் தலையைத் தடவினார். "அக்கா, தோக்கப்போறம் போல," என்றேன். "இரு. இன்னும் நேரம் இருக்கு," என்றார். கடைசியில் பெனால்டி. அர்ஜென்டீனாவின் முதல் உதை கம்பத்துக்கு மேலால் போனது. சிலி வென்றது. லூர்து கையை விரித்து ஐயோ என்றாள்.

அக்கா தொலைக்காட்சியை நிறுத்தினார். கதிரையில் இருந்து இறங்கி என் காலடியில் நிலத்தில் உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்தார்.

"வதனி, கந்தோரால எடுத்தவை. இல்லையெண்டிட்டாங்களாம்."

"எப்ப எடுத்தவை?"

"இடைவேளைக்குள்ள."

எனக்குக் கணவர் நினைவுக்கு வரவில்லை, கடிதம் நினைவுக்கு வரவில்லை. இடைவேளை என்ற சொல்தான் மண்டைக்குள் நின்றது. நான் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் திரும்பி வந்து என் முகத்தில் அடித்தது. "இவ்வளவு நேரமும் தெரிஞ்சுகொண்டே பக்கத்தில இருந்தனீங்கள்? ஆர் உங்களுக்கு அந்த உரிமையைத் தந்தது?" என்று கத்தினேன். அக்கா, "ரெண்டு மணிக்கு உன்னை வரச் சொன்னவை. பதினாலு நாளுக்குள்ள அடுத்த மேன்முறையீடு போட வேணும்," என்று மட்டும் சொன்னார்.

குரோய்டன் போக 75ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். அக்காவும் ஏறினார். நான் மேல்மாடிக்குப் போனேன். அவரும் வந்து இரண்டு இருக்கை பின்னால் உட்கார்ந்தார். ஒரு மணித்தியாலப் பயணம். நான் திரும்பிப் பார்க்கவில்லை, அவர் கூப்பிடவுமில்லை. கந்தோரில் எனக்கு ஆங்கிலம் வராத இடத்தில் மட்டும் வாய் திறந்தார். என்னென்ன கடிதம் வேண்டும், எந்தப் படம் வேண்டும், யார் யார் சாட்சி எழுத வேண்டும் என்று கேட்டுத் தன் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போதும் அதே இரண்டு இருக்கை இடைவெளி.

மூன்று கிழமை நான் அக்காவோடு பேசவில்லை. ஆறாம் மாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு தனியாகத் துடைத்தேன். அவர் திறப்பைத் தருவார், நான் வாங்குவேன், அவ்வளவுதான். மேன்முறையீடு உரிய நாளுக்குள் போய்விட்டது. அதற்கு வேண்டிய கடிதங்கள் ஒவ்வொன்றாக என் லொக்கருக்குள் வந்து கிடந்தன. பங்குத் தந்தையின் கடிதம், எங்கள் குழுவில் எல்லோரும் கையெழுத்து வைத்த கடிதம். லூர்து ஸ்பானிய மொழியில் எழுதி ஜெசிந்தா ஆங்கிலத்தில் மாற்றிய ஒரு பக்கமும் வந்தது. ஒவ்வொரு காலையும் பஸ் தரிப்பிடத்தில் என் கணவரோடு நான் தொலைபேசியில் சண்டை பிடிப்பதை லூர்து தன் கண்ணால் கண்டிருக்கிறாளாம். பொய்க் கல்யாணம் முடித்தவள் இப்படிச் சண்டை பிடிக்க மாட்டாள் என்று எழுதியிருந்தாள். வாசித்துவிட்டு அழுதேன், சிரித்தும் விட்டேன்.

அன்று இடைவேளைக்குள் நடந்ததை எனக்கு விளக்கியது கந்தோரில் இருந்த அந்தப் பிள்ளை. கடிதங்களைக் கொடுக்கப் போனபோது சொன்னாள். அன்று காலை அவள் எடுத்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, இப்போதே செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்பதுதானாம். சட்டத்தரணி இரண்டு மணிக்குத்தான் வருவார், அதற்கு முன்னால் செய்ய ஒன்றுமில்லை என்று இவள் சொன்னாளாம். அக்கா அதை இரண்டு தரம் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்தினாராம். பிறகு, "அப்ப ரெண்டு மணிக்கு எங்களுக்கு நேரம் வை. அதுவரைக்கும் அவளுக்கு எடுக்காதை. நான் சொல்லுறன்," என்று வைத்துவிட்டாராம்.

அடுத்த நாள் திறப்பு வாங்கும்போது கேட்டேன், "ஏனக்கா அண்டைக்கு உடன சொல்லேல்லை?"

அக்கா திறப்புக் கோர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உடன சொல்லியிருந்தா என்ன செய்திருப்பாய்?"

"அழுதிருப்பன்."

"அதைப் பிறகும் செய்தனீதானே. நடுவில கொஞ்ச நேரம் சிரிச்சனீ. அது எனக்குப் போதும்." பிறகு, "நான் செய்தது பிழையாயும் இருக்கலாம். எனக்குத் தெரியேல்லை," என்றார்.

பிழையா சரியா என்று எனக்கும் நெடுநாள் தெரியவில்லை. மேல் நீதிமன்றம் எங்கள் பக்கம் தீர்ப்பளிக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்த நாளெல்லாம் நான் அடிக்கடி திரும்பிப் போனது அந்தத் தோல்விச் செய்திக்கு அல்ல. பூப்போட்ட கோப்பைக்கும், லூர்துவின் சிவப்பு அட்டைக்கும், அக்காவின் மடியில் கிடந்த ரிமோட்டுக்கும்தான். கணவர் வந்து இறங்கிய மறுநாள் அவரை அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றையும் ஆட்டம் என்று ஒத்துக்கொள்ளாத மனிதர். அக்கா அவருக்கு முன்னால் பானையை நீட்டினார். "தம்பி, உங்களுக்காக வதனி நிறையக் காத்திருந்தவ. இனி நீங்கள் கொஞ்ச நேரம் போன் இல்லாமல் இருங்கோ." நாங்கள் தனி வீடு எடுத்தபோது அதே அளவில் ஒரு புட்டுப்பானை வாங்கித் தந்தார். அதில் நாங்கள் இதுவரை புட்டு அவித்ததில்லை.

அக்கா இறந்து இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேருமாகப் பார்ப்பதாக இருந்த நாள். காலை ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போய், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, பின்னேரம் லூர்துவும் நானும் வாசலில் நின்றோம். அவளுடைய கண் வீங்கியிருந்தது. அவள் மெல்லக் கேட்டாள், நீ பதிந்து வைத்தாயா? இரண்டு நாளாக அவள் முடிவைப் பார்க்கவில்லையாம். அக்கா பார்க்க வேண்டாமென்று சொன்னதால் பார்க்கவில்லையாம். செத்தவீட்டில்கூட ஆண்கள் கூடி நின்ற பக்கம் போகவில்லையாம், யாராவது சொல்லிவிடுவார்கள் என்று.

நான் களவாகப் பார்த்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருமுறை படிக்கட்டில் வைத்து அவளுக்கு ஓர் ஆட்டத்தை உடைத்தவள் நான். இன்னொரு முறை உடைக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இரண்டு போனும் பானைக்குள் போயின. நடுவில் ஓர் இடம் விட்டுத்தான் இருவரும் உட்கார்ந்தோம், பேசி வைத்து அல்ல. லூர்து ரிமோட்டை எடுத்தாள். நான் அதை மெல்ல வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

எட்டாவது நிமிடத்தில் முதல் கோல் விழப்போவது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் பொலிவியாவின் பத்துப் பேரையும் கோலியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தேன். முடிவு தெரிந்தவர் முடிவு தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பது எப்படிப்பட்ட பாரம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு இது ஒரு பந்தாட்டம். அக்கா என்னுடைய சீவியத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதி, மேலதிக நேரம், பெனால்டி எல்லாம் இருந்திருக்கிறார். இருந்து சிரித்தும் இருக்கிறார். எட்டு வருடமாக அவர் எனக்குத் தந்த நேரத்தை மட்டும் நினைத்தேன். அந்த நேரத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அக்கா, இதற்கு நான் உங்களுக்கு உயிரோடு இருக்கும்போதே நன்றி சொல்லியிருக்க வேண்டும். இப்போது எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்.

அவர் எனக்கு விட்டுப்போனவை என்று எண்ணிப் பார்த்தால் அதிகமில்லை. ஒரு புட்டுப்பானை இருக்கிறது. கெட்ட செய்தியைச் சொல்லமுன் இப்போதே செய்ய ஒன்றுமில்லையா என்று விசாரிக்கும் பழக்கமும், சொல்லும்போது நிலத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்கும் பழக்கமும் இருக்கின்றன. அந்த வெள்ளிக்கிழமைக் காலை இருக்கிறது. அக்கா இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகும், எனக்கு மட்டும் அவர் இரண்டு மணித்தியாலம் உயிரோடு இருந்தார். ஞாயிறு வருவார், இந்த ஐந்து கோலையும் பார்த்து என்ன சொல்வார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். செய்ய வேண்டியது அப்போதும் ஒன்றுமில்லைத்தான். அந்த இரண்டு மணித்தியாலத்துக்காக என்னை நானே ஏசிக்கொண்டது போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

லூர்துவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து நான் முன்னமே பார்த்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இடைவேளை வந்தபோது பொலிவியா இரண்டு கோல் பின்னால் நின்றது. இனி மூன்று விழ இருந்தது. நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் ஊற்றினேன். நல்ல கோப்பையைத் தேடி எடுத்து லூர்துவிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் குரலிலேயே சொன்னாள்.

"இரு. இன்னும் நேரம் இருக்கு."

"ஓம்," என்றேன். "இருக்கு."